வைத்த கைதான் எடுக்க வேண்டும்

எங்கள் குதிரைக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. குதிரை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று நின்றுதான் வழிவிட வேண்டும். அந்தச் சந்தில், வீட்டுச் சுவரை ஒட்டி ஷீட் போட்டு அவளைக் கட்டியிருந்தோம். ரேஸில் ஓடி முடித்துக் கழித்துவிட்ட பெண் குதிரை. அண்ணன் கூட்டிவந்தபோது விலா எலும்பை எண்ணிவிடலாம். கொள்ளும் தவிடும் போட்டு, எங்கெங்கோ அலைந்து புல்லுக்கட்டு கொண்டுவந்து, ஒரே வருடத்தில் அவளை ஊர்வலக் குதிரை ஆக்கிவிட்டான். "மன்சனுக்கே இங்க வூடு இல்ல, இவன் குதிரைக்கு வூடு கட்றான்" என்று கிண்டல் செய்த அதே ஆட்கள், அடுத்த மாதம் தங்கள் பிள்ளைகளை அவள் முதுகில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துப் போனார்கள்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவன். அவனுக்குக் குதிரைதான் தொழில். எனக்கு மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவு நாட்களில் அவனோடு ஊர்வலத்துக்குப் போவேன்.

ஊர்வலம் என்றால் டிரம்ஸ் செட், சரவெடி, விசில். குதிரை மிரண்டால் மேலே இருப்பவன் மட்டுமல்ல, கீழே ஆடுகிறவனும் காலி. அதனால் கிளம்பும் முன் பஞ்சை உருட்டி அதன் இரண்டு காதிலும் உள்ளே தள்ளி வைப்போம். அதற்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வைத்த கைதான் எடுக்க வேண்டும். குதிரைக்குக் காது கூச்சம், பழகாத கை போனால் கடித்துவிடும் என்பது ஒரு காரணம். இரண்டு பேர் பொறுப்பு என்றால் இவன் எடுத்திருப்பான் என்று அவனும், அவன் எடுத்திருப்பான் என்று இவனும் விட்டுவிடுவார்கள் என்பது இன்னொன்று. எங்கள் குதிரை காதைக் கொடுத்தது எனக்கு மட்டும்தான். அண்ணன் அந்தப் பக்கமே போகமாட்டான். ஊர்வலம் முடிந்ததும், தண்ணீர் காட்டுவதற்கு முன்பே நான் பஞ்சை எடுத்துவிடுவேன். அப்போது என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

கொரோனா முடிந்த அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எம்.கே.பி. நகரில் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் குதிரைமேல் சீர் கொண்டுபோக வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தாய்மாமன் நல்ல கனம். காலையிலேயே ஊற்றியும் இருந்தார். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள் வரிசை, முன்னால் டிரம்ஸ். மனிதருக்கு வேகம் வந்துவிட்டது. குதிரை முன்காலைத் தூக்கி ஆட வேண்டுமாம். கடிவாளத்தை இழு இழு என்று இழுத்தார். அவள் வாயோரம் நுரையோடு ரத்தம் வந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது.

"ண்ணா, அந்த ஆள எறங்கச் சொல்லு."

"சபையில வேணாம்டா. மாமன்காரன். மண்டபம் பக்கத்துல வந்துட்ச்சி பாரு."

"வாய் கிழிஞ்சி கீது, கண்ணு தெரியல உனக்கு?"

"நாலு எட்டுதான் நைனா. பொறுத்துக்க."

நான் பொறுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த கயிற்றை அவன் முகத்தில் வீசுகிற மாதிரி வீசிவிட்டு, "நீயே இஸ்துகினு வா" என்று சொல்லி ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு மட்டு இல்லை, புத்தியே இல்லை. குதிரைக்காகக் கோபப்பட்ட நான், அவள் காதில் என் கையால் வைத்த பஞ்சை மறந்து வந்துவிட்டேன். சோறு போட்டுச் சாப்பிட்டேன், ஃபேன் போட்டுப் படுத்தேன்.

எங்கள் பக்கம் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமாக, பகலில் வரிசை விடாது. வந்த புதிதில் பயந்தாலும் எங்கள் குதிரை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டால் தானாக ஓரம் கட்டி நிற்கும். அதனால் அந்த ரோட்டில் அண்ணன் அவள்மேல் ஏறி உட்கார்ந்து, கடிவாளத்தைத் தளர விட்டுத்தான் வருவான். அன்றும் அப்படித்தான் வந்திருக்கிறான். பின்னால் டிரெய்லர் ஹாரன் அடித்தது அவனுக்குக் கேட்டது. வழக்கம்போல ஒதுங்குவாள் என்று இருந்தான். அவள் ஒதுங்கவில்லை. டிரெய்லர் வளைந்தபோது பின்பக்கம் அவள் பின்னங்காலில் இடித்தது. அண்ணன் தூக்கி எறியப்பட்டான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

போன் வந்து நான் ஓடியபோது ரோட்டோர மண்ணில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். தொடைக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. அண்ணன் அவள் தலையை மடியில் வைத்து, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். நான் அந்தக் காதைப் பார்த்தேன். ஜரிகைத் தலைத்துணிக்குக் கீழே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது.

எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். சுற்றிலும் கூட்டம். எடுத்தால் அண்ணன் பார்த்துவிடுவான் என்று பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால்நடை டாக்டர் வந்தார். "இனிமே நிக்காது. வலியில்லாம அனுப்பிடலாம்" என்றார். ஊசி போட்டு, எல்லாம் அடங்கிய பிறகு, கடிவாளத்தைக் கழற்றுகிற சாக்கில் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் குதிரையைத் தொடவில்லை. "ஹாரன் கேட்ச்சி, நான் இஸ்து ஓரம் கட்டல. நான்தான் சாவடிச்சேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். பழகியவர்கள் வேறு குதிரை தருகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லை. கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தான். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிடுவேன். ஒன்றரை வருடம் அப்படி இருந்தேன். இதை எழுத எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம், குதிரை நின்ற இடத்தில் என் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலை முடிந்து வந்து பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். இளைத்துப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ண்ணா, உன் மேல தப்பு இல்ல. அதுக்கு ஹாரன் கேக்கவே இல்ல. அன்னிக்கு கோவத்துல பஞ்ச எடுக்காம நான் வந்துட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் அது காதாண்ட பேசிகினு இருந்தேன் இல்ல, அதுக்கு முன்னாடி எடுத்துட்டியா, பின்னாடியா?"

முன்னாடி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்ன உண்மையும் அதோடு பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"பின்னாடிதாண்ணா. ஊசி போட்ட அப்பால."

அண்ணன் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் கொரல் குட்த்தா அது காதத் திருப்பும்டா. எங்கிருந்து குட்த்தாலும் திருப்பும். அன்னிக்கு மன்னிச்சிக்கோ மன்னிச்சிக்கோன்னு அத்தினி வாட்டி சொன்னேன், திருப்பவே இல்ல. என்ன மன்னிக்காமயே பூட்ச்சின்னு நெனச்சிகினு கீறேன், இத்தினி நாளா."