நானே முறுக்கிய ஹேண்ட்பிரேக்

எங்கள் பக்கத்தில் ஹேண்ட்பிரேக் என்பது அலங்காரப் பொருள். தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும் தரை தோசைக்கல் போலக் கிடக்கிறது. வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவோம். கை தானாகவே செய்யும். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் வாங்கிய பிறகும் கை திருந்தவில்லை.

மேடு என்று ஒன்று உண்டென்றால் அது என் வீட்டு வாசல்தான். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியதில், கார் ஏறும் சரிவு செங்குத்தாகிவிட்டது. கீழே தெரு, அதைத் தாண்டினால் வாய்க்கால். குறுவை அறுப்பு நேரம். வாய்க்காலில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் போனது. தெருவின் மறுபாதியில் ஒரு அம்மாள் நெல் காயவைத்து, காய்ந்ததை மூட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தார்.

லீவர் வானத்தைப் பார்த்து நின்றும் பிரேக் பிடிக்காததால், இருக்கைகளுக்கு நடுவிலிருந்த மூடியைக் கழற்றி, கேபிள் நட்டை முறுக்கினேன். இழுத்துப் பார்த்தால் ஆறாவது ‘டிக்’கில் லீவர் இறுகியது. சரிவில் நிறுத்தி, லீவரை இழுத்துவிட்டு இறங்கினேன். கார் அசையவில்லை. பெருமையாக மனைவியைக் கூப்பிட்டேன்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“கியர்ல கிடக்கே. அதுதான் புடிச்சிருக்கோ என்னமோ?”

“ஆறு டிக் கேட்டேன், என் காதால. வேணும்னா உக்காந்து நியூட்ரல்ல தள்ளிப் பாரேன்.”

பத்து நாள் டிரைவிங் கிளாஸ் போனவள் அவள். உட்கார்ந்தாள். தள்ளினாள்.

கார் பின்னோக்கி, மரியாதையாக, சத்தமே இல்லாமல் கிளம்பியது. முன் பம்பரைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்துக்கொண்டு போனது. “காலால மிதி!” என்று கத்தினேனா, நினைத்தேனா, தெரியாது. கண்ணாடிக்குள் அவள் குனிந்து எதையோ தேடுவது தெரிந்தது. தார் முடிந்தது. நெல் முடிந்தது. பின்சக்கரங்கள் கரைப் புல்லைத் தொட்டபோது கார் குலுங்கி நின்றது.

“நெல்லு மேல வண்டிய உருட்டுறீங்களே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று ஓடிவந்த அம்மாள், பின்னால் தண்ணீரைப் பார்த்ததும் திட்டுவதை விட்டு மூட்டைகளிடம் ஓடினார்.

“மிதிச்சிருக்கேன்,” என்றாள் மனைவி. “கால எடுக்கலாமா?”

“எடுக்காத! கியர்ல போடு!”

“விழ மாட்டேங்குதுங்க. சக்கரத்துக்கு ஏதாச்சும் முட்டுக் குடுங்க.”

சக்கரத்துக்குப் பின்னால் வைக்கக் கல் தேடினேன். வண்டல் பூமி, கல் ஏது? பெரிய கோயிலுக்கே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள் என்ற வரலாற்று அறிவு அந்த நேரத்தில் எனக்கு எதற்கு வந்தது?

“என்ன சார் தேடிக்கிட்டு நிக்கிறீங்க? இந்த மூட்டையப் புடிங்க!”

சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு நெல் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். அவள் காலை மெல்ல எடுத்தாள். கார் மூட்டைகளின் மேல் சாய்ந்தது, தையலிலிருந்து கொஞ்சம் நெல் பிதுங்கியது, நின்றது.

இறங்கியவள் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

நின்றுகொண்டிருந்தது அந்த அம்மாள் மட்டும்தான்.

“சாயங்காலம் மூட்டையக் கொள்முதலுக்குப் போடணும் சார்,” என்றார்.