மூடி போட்ட ரெகுலேட்டர்

வளைகுடாவில் ஒன்பது வருஷம் கப்பல்களின் அடிப்பாகம் சுரண்டிவிட்டுத் திரும்பியபோது, நான் கொண்டுவந்த உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று. சிலிண்டரில் இருக்கும் காற்றை, தண்ணீருக்குள் இருப்பவனின் வாய்க்கு அளந்து கொடுக்கிற ரெகுலேட்டர். சிலிண்டரில் மாட்டும் பக்கம் அதற்குச் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. கழற்றியதும் அந்த இடத்தைத் துடைத்து, ரப்பர் மூடியைப் போட்டு இறுக்கிய பிறகுதான் கழுவ வேண்டும். ஓட்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. எனக்குத் தெரிந்த வேதம் இவ்வளவுதான்.

ஊரில் எனக்கு என்ன பெரிய வேலை? ஆற்றில் யாராவது முழுகிப் போனால் கூப்பிடுவார்கள். பிணத்தை எடுத்துக் கொடுப்பேன். பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். நாங்கள் சைவம். அக்காவின் ஆசாரம் அதற்கும் ஒரு படி மேலே. நான் திரும்பி வரும்போது வாசலில் வாளித் தண்ணீர் இருக்கும். தலையோடு ஊற்றிக்கொண்டு, சாமான்களையும் முக்கி எடுத்தால்தான் படியேறலாம். நானும் மூடியை இறுக்கிப் போட்டுத்தான் ரெகுலேட்டரை முக்குவேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால் மூடி கழன்று தொங்குகிறது, ஓட்டைக்குள் தண்ணீர் நிற்கிறது. முந்தின நாள் நான் மேலே போனதும், அக்கா மூடியைக் கழற்றி இன்னொரு தடவை முக்கியிருக்கிறாள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் அசரவில்லை.

"மூடியப் போட்டு முக்குனா உள்ள இருக்க தீட்டு எப்பிடில போவும்? நீ வாயில வைக்கிற சாமான்லா அது" என்றாள்.

என் மேல் உள்ள பிரியத்தில் செய்ததுதான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

அன்றைக்கே அதைச் சென்னைக்கு அனுப்பி, பிரித்துத் துடைத்து வாங்கியிருக்க வேண்டும். எனக்கோ தலைக்கனம். கடல் தண்ணீரா என்ன, தாமிரபரணித் தண்ணீர்தானே என்று ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் போட்டுவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். வேதமெல்லாம் அடுத்தவனுக்குத்தான்.

இரண்டு மாசம் கழித்து, சீவலப்பேரிப் பக்கம் குளிக்கப் போன கல்லூரிப் பெண் ஒருத்தி, மணல் அள்ளிய குழியில் சிக்கிப் போய்விட்டாள். மணலை அள்ளித் தின்றவன் ஒருத்தனும் கரையில் இல்லை. அவளுடைய அப்பா இருந்தார். ஈர வேட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசிரு போயிட்டுன்னு தெரியும் தம்பி. மொகம் மொகமா இருக்கையிலயே எடுத்துக் குடுத்துருங்க. அவ அம்மை ஒருவாட்டி பாத்துக்கிடட்டும்."

கரையில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன், காற்று வந்தது. இறங்கினேன். இருபதடி ஆழம், ஒரே கலங்கல், கைதான் கண். பாதிக் குழியைத் துழாவுவதற்குள் மூச்சு முட்டியது. எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று நூல் நூலாகத்தான் வந்தது. உள்ளே தங்கிய ஈரத்தில் பித்தளை பச்சை பிடித்து அடைத்திருக்கிறது; கரையில் போதுமாக இருந்த காற்று ஆழத்துக்குப் போதவில்லை. மேலே வந்தேன், திரும்ப இறங்கினேன், திரும்ப வந்தேன். என்னிடம் வேறு ரெகுலேட்டர் கிடையாது. பொழுது அடைந்துவிட்டது. அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துவட்டிக்கொள்ளத் தன் துண்டைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அணைக்கட்டில் ஒதுங்கினாள். முகத்தைத் துணியால் சுற்றித்தான் கொடுத்தார்களாம். அம்மா கெஞ்சியும் அவிழ்க்கவில்லையாம்.

அது பிறகு நடந்தது. குழியிலிருந்து வெறுங்கையோடு நான் வீடு வந்த அன்றைக்கு, அக்கா வழக்கம்போல வாளியோடு வாசலில் நின்றாள். பிணத்தைத் தொட்டாயா என்று கேட்டாள். இல்லை, எடுக்க முடியவில்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது. வாளியை ஓரமாக நகர்த்தினாள்.

"அப்பம் தீட்டு ஒண்ணும் இல்ல. அங்கன நிக்காதல, உள்ள வா."

நான் அந்த வாளியைத் தூக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டேன்.