மெழுகு துடைத்த குண்டுகள்

சுட்டு முடித்த துப்பாக்கியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனால் ஒரு வாடை வரும். பொட்டுவெடியின் வாடையும் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாடையும் கலந்தது போல இருக்கும். இன்றைக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து மெழுகுவர்த்திகளை ஊதி அணைக்கும்போது, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் கர்த்தரை நினைத்துக்கொண்டிருக்க, என் மனம் மட்டும் பாளையங்கோட்டையின் பழைய சுடுதளத்துக்கு ஓடிப்போய்விடும். ஆண்டவர் மன்னிப்பாராக.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. பள்ளியில் மாணவர் படையில் நான் சேர்ந்தது தேசபக்தியால் என்று சொன்னால் அது பொய். பரேடு முடிந்ததும் இலையில் வைத்துத் தருகிற பூரிக் கிழங்குக்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் "பாயின்ட் டூ டூ" என்று நாங்கள் சொன்ன அந்தச் சின்னத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்த பிறகு பூரி மறந்துவிட்டது. தோட்டா பாதிச் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதன் நுனியில் தட்டாம்பயறு போல ஒரு ஈயக் குண்டு.

அந்த வருஷம் மதுரையில் நடக்கவிருந்த சுடும் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் போகலாம் என்று உத்தரவு வந்தது. கனகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் கொத்தனார் மகள்; என் பக்கத்துப் பெஞ்சு; என் கூட்டுக்காரி. அவளுக்கு ஏதாவது ஆனால் நான் போகவேண்டும் என்று என் பெயரை இரண்டாவதாக எழுதிக்கொண்டார்கள். நான் அதுவரை ரயிலில் ஏறினதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஜெபித்தேன்தான். கொஞ்சம் பலமில்லாமல் ஜெபித்தேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் சேரன்மகாதேவிக்காரர். "ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு உண்டு பிள்ளைகளா, அதுக்குப் பிடிச்சதைப் போட்டாத்தான் ஒழுங்காச் சுடும்" என்பார். எங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று விதமான தோட்டாக்களைக் கொண்டுவந்தார். சிவப்புப் பெட்டியிலும் மஞ்சள் பெட்டியிலும் இருந்தவை செம்பு பூசிப் பளபளவென்று இருந்தன. வெள்ளைப் பெட்டியில் இருந்தவை வெறும் ஈயம், மேலே மெழுகு தடவிப் பிசுபிசுவென்று அழுக்காகத் தெரிந்தன. சோதனையில் சுடுகிறவள் கை மாறக்கூடாது, அதனால் மூன்றையும் கனகமே சுடவேண்டும். அவள் கோரைப்பாயில் குப்புறப் படுத்து, மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ள, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெட்டி மாறும்போதெல்லாம் முதல் மூன்று குண்டுகள் கணக்கில் இல்லை. அது துப்பாக்கி "வாய் கொப்பளிக்கிறதுக்கு". அடுத்த ஐந்துதான் சோதனை. எதிரே நிறுத்தின குறித்தாளில் விழுகிற ஐந்து ஓட்டைகளும் ஒரு எட்டணாக் காசுக்குள் மறைந்தால் துப்பாக்கிக்கு அந்தச் சரக்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

சிவப்புப் பெட்டிக் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. மஞ்சளில் நாலு சேர்ந்திருந்தன, ஐந்தாவது வழிதப்பின ஆட்டைப் போலத் தனியே நின்றது. ஹவில்தாரும் கனகமும் தாளின் பக்கத்தில் நின்று காசை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். ஆடிக் காற்றுப் புழுதி அந்த மெழுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளியில் சனிக்கிழமை என்றாலே நகமும் காதும் கைக்குட்டையும் சோதிக்கிற நாள். "சுத்தம் சோறு போடும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். நாக்கு, வாய் என்று அவர் வேறு சொல்லிக்கொண்டே இருந்தாரா, மண் ஒட்டின பண்டத்தை யார் வாயில் போடுவார்கள் என்று, முதலில் சுடவிருந்த எட்டுக் குண்டுகளையும் கைக்குட்டையால் மெழுகு போகத் துடைத்துக் கொடுத்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் அப்போது எனக்கு இல்லை.

கனகம் சுட்டாள். தாளைக் கொண்டுவந்து பார்த்தால் கோழி கிளறின குப்பை போல இருந்தது. ஹவில்தார் வெகுநேரம் பார்த்தார். "போன வாரக் காய்ச்சல் இன்னும் உடம்பை விட்டுப் போகலை போலுக்கு, கனகம். கை நடுங்குது. மதுரைக்கு ஜெசி போகட்டும்" என்றார். எனக்குள் ரயில் கூவிவிட்டது.

பிறகு அவர் துப்பாக்கிக் குழலுக்குள் துணியை விட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஈயத் தூள் வந்தது. "மெழுகு இருந்தா இப்படி ஒட்டாதே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். மெழுகைத் துடைத்ததால்தான் குண்டுகள் சிதறின என்று எனக்கு விளங்கிவிட்டது. கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மதுரைக்குப் போகிறதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் கோயிலில், ஐயர் (எங்கள் ஊரில் சபையின் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) காணிக்கைக் குறிப்புகளை வாசித்தார். "மதுரைப் போட்டிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மகள் ஜெசிக்காகப் பெற்றோர் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை." அம்மா எனக்குச் சொல்லாமலே எழுதிக் கொடுத்திருந்தாள். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. "ஏட்டி, ஆண்டவருக்குத் தெரியாததையா எனக்குச் சொல்லுத? நாளைக்குப் போய் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கனகம் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கை நடுக்கம் தீர அவள் அம்மா அம்மன் கோயிலில் வாங்கிக் கட்டினதாம். அதைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோய், ஹவில்தார் முன்னாலேயே, "சார், குண்டை நான்தான் துடைச்சேன்" என்று கைக்குட்டையை நீட்டினேன். அவர் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன்.

"இருபது வருசமாப் பட்டாளத்துல இருக்கேன், குண்டைக் குளிப்பாட்டினவளை இப்பத்தான் பார்க்கேன்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கனகம் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா சோத்தை அள்ளும்போதுகூட என் கையவே பார்த்துக்கிட்டு இருக்கேன், ஏட்டி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

ஹவில்தார் பாயை விரித்தார். வெள்ளைப் பெட்டியில் மீதியிருந்ததை, மெழுகும் புழுதியுமாக அப்படியே கனகத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். வாய் கொப்பளிக்க மூன்று. பிறகு ஐந்து. தாளின் மேல் எட்டணாவை வைத்தார். ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை. காசை எடுத்தால் ஐந்து குண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே பூவாக இருந்தன. அதன் பிறகுதான் கனகம் சிரித்தாள். "வா ஏட்டி, குளிப்பாட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி முடிகிறவரை எனக்கு அதுதான் பெயர்.

அவள் மதுரைக்குப் போனாள், மூன்றாவதாக வந்தாள். வாசித்த ஸ்தோத்திரத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு அம்மா, "சொன்னதைத் திருப்பி வாங்கவா முடியும்? கனகத்துக்கே இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டாள்.

அந்தப் பூவுக்குக் காரணம் அம்மன் கயிறு என்று கனகத்தின் அம்மா கடைசிவரை சொன்னாள். ஸ்தோத்திரம் என்றாள் என் அம்மா. மெழுகுதான் என்றார் ஹவில்தார். மூன்று பேருமே இன்று இல்லை. சுடுதளமும் இல்லை, குண்டுகளை வாங்கிக்கொண்ட மண்மேட்டைத் தட்டி நிரவி வீடு கட்டியிருக்கிறார்கள், மாடியில் யாரோ வற்றல் காயப்போடுகிறார்கள். எனக்கு ஜெபத்தில் இன்றும் குறையாத நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தத் திங்கட்கிழமை நான் அவளுக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்: அந்தக் கை நடுங்கவே இல்லை, என் கையால் ஒருநாளும் அப்படிச் சுட்டிருக்க முடியாது. துடைத்ததை அன்றைக்கே சொல்லிவிட்டேன். இதை மட்டும் கனகத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அம்பாசமுத்திரத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். ஒரு மணி நேரப் பஸ்தான்.