ஊருக்குச் சொன்ன காமாலை

மாரிக்கனியைப் பற்றிச் சொல்வதென்றால் கீழாநெல்லியில் இருந்துதான் தொடங்கவேண்டும். அந்தக் கீழாநெல்லியைப் பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான். அதனால் இதில் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும். நல்லதாக வராது.

தளவாய்புரத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. நைட்டி தைக்கிற ஒரே கம்பெனியில்தான் இருபது வருஷமாக வேலை. நான் பிசிறு வெட்டி மடிக்கிறவள், அவள் ஜிப் வைக்கிறவள். நூல் அளவு விலகினாலும் கழுத்து கோணிக்கொள்ளும். மாரிக்கனி பேசிக்கொண்டே வைப்பாள். பேசிக்கொண்டே என்றால் நாங்கள் பேசுவோம், அவள் உம் கொட்டுவாள். யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிறவி. புருஷன் இருளப்பசாமிக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. ஒரே பிள்ளை இந்து, பதினாறு வயது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து, ராஜபாளையத்தில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள்.

ஆடி மாதம் வாக்கில் அந்தப் பிள்ளை மாறத் தொடங்கியது. தலை சீவுவதில்லை. குளி என்றால் பொறவு என்பாள். தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிபார்மோடு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். போன்தான் காரணம் என்று மாரிக்கனி போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். அப்புறமும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஒருநாள் மாரிக்கனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலம்மா" என்றாளாம். அழவில்லையாம், கடைக்குப் போய்ட்டு வாரேன் என்பது மாதிரிச் சொன்னாளாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பின்னால் மாரிக்கனியே சொன்னது.

ராஜபாளையத்தில் காட்டினால் மில்லுக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே டாக்டரம்மா பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டு, இது மனச்சோர்வு, இதுவும் ஒரு நோய்தான் என்று சொன்னார். எழுதித் தருகிற மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது, அவளைத் தனியாக விடக்கூடாது, திட்டாமல் பேச்சுக்கொடுங்கள், போனைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மாரிக்கனி தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருளப்பசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"யாரு கேட்டாலும் காமாலைன்னு சொல்லு. மனசு சரியில்லன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அதற்கும் தலையாட்டினாள்.

எங்கள் பக்கத்தில் காமாலை மரியாதையான நோய். பள்ளிக்கூடத்தில் மறுபேச்சு பேசாமல் ஒரு மாதம் லீவு கொடுப்பார்கள். தெருவே வந்து விசாரிக்கும். ஒருத்தி இளநீர் கொண்டுவந்தாள், ஒருத்தி நுங்கு. நான் சும்மா இருப்பேனா? வாய்க்கால் வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி, வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, விடிந்ததும் வெறும் வயிற்றுக்குக் கொண்டுபோய் நின்றேன். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, கறி மீன் கூடாது என்று பத்தியமும் நானே சொன்னேன். இந்து டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்ப்பாள். மாரிக்கனி அடுப்பைப் பார்ப்பாள். பிள்ளை கசப்புக்கு முகம் சுளிக்கிறது என்று நினைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்த பிறகுதான் நகர்வேன்.

ஆறாம் நாள் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஏட்டி மாரி, கண்ணு எம்புட்டு வெள்ளையா இருக்கு பாரு. காமாலை பயந்து ஓடிருச்சு" என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். முதல் நாளே கண் வெள்ளையாகத்தானே இருந்தது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. எல்லாம் என் மருந்தின் மகிமை என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். கீழாநெல்லி குடிக்கும்போது இங்கிலீஷ் மாத்திரை போட்டால் ஈரல் வெந்துபோகும் என்று. யாரோ சொன்னதை நானும் சொன்னேன். மாரிக்கனி பயந்துவிட்டாள். சாறு வேண்டாம் என்று என்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை, காரணம் கேட்பேனே. அதனால் மாத்திரையை நிறுத்தினாள். பொய் நோய்க்கு மருந்து கொடுத்து, உள்ள நோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டாள். பதினோரு நாள்.

வாரக்கணக்கில் லீவு போட முடியாமல் மாரிக்கனி வேலைக்குத் திரும்பியிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஷிப்ட் மாற்றி மாற்றித்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். அன்று மில்லில் ஆள் வரவில்லை என்று இருளப்பசாமியை மதியமே கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு மாரிக்கனியின் போன் அடித்தது. இந்துதான்.

"அம்மா, நீ வா. தனியா இருக்கப் பயமா இருக்கு. என்னை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மாரிக்கனி எழுந்து சூப்பர்வைசர் ராம்கியிடம் போனாள். பிள்ளைக்கு முடியவில்லை என்றாள். அவன் நல்ல பையன்தான். ஆனால் சரக்கு அன்றைக்கே லாரியில் ஏறவேண்டும்.

"காமாலைதானக்கா? செத்த நேரம் படுத்திருக்கட்டும். இந்த நைட்டிக் கட்டை முடிச்சுட்டு ஆறு மணிக்குப் போங்க."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். என் கண்ணால் பார்த்தேன், உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். இரண்டு நைட்டிக்கு ஜிப் வைத்தாள். இரண்டும் கோணல். இருபது வருஷத்தில் அவள் கையில் கோணல் வந்து நான் பார்த்ததில்லை. பிரிக்கச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"காமாலை இல்ல" என்றாள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "காமாலை இல்ல. எம்புள்ள சாகணும்ங்குறா. நான் ஊருக்குப் பொய் சொல்லிட்டு இங்க ஜிப் வச்சுக்கிட்டு இருக்கேன்."

நாற்பது மிஷினும் ஒவ்வொன்றாக நின்றன. அவள் செருப்புப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் அந்தத் தெரு அன்றைக்கு முடியவே இல்லை. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோனது.

கதவு திறந்துதான் இருந்தது. இந்து வாசல்படிக்கு உள்ளே, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூணை விட்டால் எழுந்து எங்கேயாவது போய்விடுவோம் என்று பயந்தாளாம். மாரிக்கனி அந்தக் கையைப் பிரிக்கவில்லை. தூணோடு சேர்த்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். இருளப்பசாமி தலையெல்லாம் பஞ்சோடு மில்லில் இருந்து நேராக வந்தார். டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் நிறுத்துனேன்" என்றாள் மாரிக்கனி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பேச்சைக் கேட்டுத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருளப்பசாமியும் காமாலைக் கதையைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஒற்றையாக நிற்கவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

அட்மிட் பண்ணினார்கள். கட்டிலில் படுத்தபடி இந்துதான் பேசினாள். "காமாலைன்னதும் தெருவே வந்துச்சும்மா. எனக்குன்னு யாருமே வரல."

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். குணம் தெரிய நாளாகும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பொறுமை எங்கே இருக்கிறது? மாரிக்கனி வேலையை விட்டுவிட்டாள். பிள்ளை பாத்ரூம் போனால் வெளியே நின்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், பதில் வரும்வரை. உம் மட்டும் கொட்டத் தெரிந்தவள், இன்றைக்குத் தொண்டை கட்டும் அளவுக்குப் பேசுகிறாள்.

நானும் கீழாநெல்லி கொண்டுபோன அதே நேரத்துக்குத் தினமும் போகிறேன். கையில் ஒன்றும் இருக்காது. பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பல நாள் அவள் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். நேற்று நான் உள்ளே நுழைந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

"எனக்குத்தான் காமாலை இல்லையே பெரியம்மா, அப்புறம் எதுக்கு வாரீய?"

"இல்லன்னு தெரிஞ்சுதான் வாரேன்" என்றேன்.

நான் உட்கார அவள் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள்.