அண்ணியின் பத்தியம்

தஞ்சாவூர் டாக்டர் அண்ணியின் கையில் சுற்றிய பட்டைக்கு இரண்டு முறை காற்றடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது, உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது, தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்று அண்ணனிடம் நேராகவே சொன்னார். நாங்கள் பயந்துதான் போனோம். பஸ்ஸில் திரும்பும்போதே, இனி வீட்டில் எல்லோருக்கும் அரை உப்புச் சமையல்தான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். நடையை மட்டும் அவர் ஏற்கவில்லை. “காலையிலேருந்து வீட்டுக்கும் கொல்லைக்கும் நடக்குறவளுக்குத் தனியா என்ன நடை?” என்றார். நானும் தலையாட்டினேன்.

சொன்னபடியே அண்ணி சமைத்தார். சப்பென்றிருந்த குழம்பை நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டோம். ஏதோ பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எங்களுக்கு. ஆனால் ஒவ்வொரு முறை போய்ப் பார்க்கும்போதும் அண்ணிக்கு பிரஷர் ஏறியே இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நான் அதட்டாத வாரமில்லை. போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சம்பா நடவின்போது, ஆட்களுக்குத் தண்ணீர் எடுக்க மூன்று மணிக்கு வயலிலிருந்து வந்தேன். அண்ணி அப்போதுதான் அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் தண்ணீர் ஊற்றிய சோறு, ஓரத்தில் உப்பில் ஊறிக் கறுத்த நாரத்தங்காய் மூன்று துண்டு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஊறுகா கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல அண்ணி?”

“ஊறுகாயத் தொட்டு வருஷமாச்சு தம்பி. நாரத்தங்கா பித்தத்துக்கு மருந்துல்ல?”

“குழம்பு எங்க?”

“ஒங்களுக்கெல்லாம் சரியாப் போச்சு. என்னைக்கும் இப்படித்தானே.”

உப்பில்லாத குழம்பை நாங்கள் வழித்துத் தின்றுவிட்டுப் போக, யாருக்காக அதை வைத்தோமோ அவருக்கு உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் தட்டை நான் பார்த்ததில்லை. சரி, அன்றாவது புத்தி வந்ததா? நாரத்தங்காய் ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்தவன்போல வயலுக்குப் போனேன். அவரை எங்களோடு உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரு கரண்டி குழம்பையாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். அது எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. நாரத்தங்காய் போன இடத்துக்கு மோர் மிளகாய் வந்தது.

அறுவடைக்கு முன்பே அண்ணிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயைக் கட்டாததால் வந்த வினை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் சாப்பிடுகிறவர் அண்ணிதான். அண்ணன் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுகிறார். பாதியில் அண்ணி வாயை மூடிக்கொண்டு, குழறுகிற நாக்கால் தினமும் ஒன்றையே கேட்கிறார்: “நீங்கள்லாம் சாப்டாச்சா?” ஆயிற்று என்று பொய் சொன்னால்தான் அடுத்த வாய் வாங்குகிறார்.