ஒரு கை தூரத்தில் ஒரு கோடு

போன பௌர்ணமி அன்று, பட்டப்பகலில், என் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியைக் காலால் எட்டி உதைத்தேன்.

கோபத்தில் இல்லை. பயத்தில். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நடந்ததைச் சொல்கிறேன்... நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் முன்பு பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் சோம்பினால் தட்டி எழுப்புகிற சின்னக் கருவி. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. காந்தம் உள்ள எதையும் நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது.

காந்தமா? வீட்டுக்கு வந்த அன்றே பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழம், மயில், தலையாட்டி பொம்மை எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். காந்த பட்டன் வைத்த கைப்பையைத் தங்கையிடம் தள்ளிவிட்டேன். அவர் போனுக்குப் படுக்கையறை அலமாரி மேல் இடம் ஒதுக்கினேன். கோயிலுக்குப் போனோம். வாசலில் மெட்டல் டிடெக்டரைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அட்டையைக் காட்டினால் வேறு பக்கமாக விடுவார்கள் என்று அவர் சொல்லியும் கேட்காமல், கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டோம்.

"என்னைப் பேசாம பீரோல வெச்சுப் பூட்டிடு" என்றார்.

இடம் இருந்தால் பூட்டியிருப்பேன்!

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து மகள் ஒரு டிஜிட்டல் ரேடியோ அனுப்பினாள். வைஃபையில் ஓடும். எந்த நாட்டு ஸ்டேஷனும் வரும். ஆனால் சத்தம்? டப்பாவுக்குள் அடைத்த கொசு மாதிரி. அவருக்குப் பொறுக்குமா? ஹாலின் இரண்டு மூலையிலும் நிற்கும் பழைய ஹைஃபை ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பு உயரம், ஒவ்வொன்றும் ஓர் ஆள் பாரம். அவை ஸ்பீக்கர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எம்ப்ராய்டரி துணி போர்த்தி, ஒன்றின் மேல் பூச்சாடி, இன்னொன்றின் மேல் கரண்ட் பில்லும் விபூதி டப்பாவும் வைத்திருந்தேன்.

"ஆம்ப்ளிஃபையர் நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு வயர் போதும். ஒரு பக்கம் ஹெட்போன் பின், இன்னொரு பக்கம் சிவப்பு வெள்ளைன்னு ரெண்டு பின். வாங்கிட்டு வந்துடேன்" என்றார். வண்டிச் சாவியை ஒளித்துவைத்தது நான்தானே? நானே கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார பாய் வயரை எடுத்துப் போட்டுவிட்டு, எந்த ஸ்பீக்கருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதையா இன்னும் வெச்சிருக்கீங்க? பத்திரமா வெச்சுக்கங்கமா. இப்ப வர்றதுலாம் வெறும் அட்டை. அந்தப் பெட்டிக்குள்ள மேக்னெட்டு மட்டுமே ரெண்டு கிலோ இருக்கும்!"

"மேக்னெட்டா... காந்தமா பாய்?"

"ஆமாமா. பவர் ஜாஸ்தி. ஸ்க்ரூ டிரைவரைக் கிட்ட கொண்டுபோனா வெடுக்குனு இழுத்துக்கும்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கடையே சுற்றியது. கால் காசு கனம் இல்லாத பிரிட்ஜ் மயிலைப் பிடுங்கிப் போட்டவள், மூலைக்கு இரண்டு கிலோ காந்தத்தை நிறுத்தி, அதற்குப் பூச்சாடியும் வைத்து அழகு பார்த்திருக்கிறேனே! வீட்டிலிருந்து கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னது வேறு காதில் வந்து விழுந்தது. "நீ வர்றதுக்குள்ள பெட்டியை முன்னாடி இழுத்து வெச்சிடறேன்."

போன் போட்டேன். முழு ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எப்படி எடுப்பார்? போன்தான் படுக்கையறை அலமாரி மேல் இருக்கிறதே... வைத்ததும் நான்தானே!

ஆட்டோவில் ஏறி, எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்கால் என்றேன். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போவாதுமா. பௌர்ணமி இல்ல? பேரிகேடு போட்டுட்டாங்க."

"உள்ள ஒரு ஆபத்துப்பா. எப்படியாவது விடச் சொல்லேன்."

"நான் சொன்னா கேப்பாங்களா? நடந்துடுங்கமா. அதான் சீக்கிரம்."

இறங்கி நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா... தெரியாது. எதிரே கிரிவலத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எல்லோரும் மலையைப் பார்த்து 'அரோகரா' என்கிறார்கள். நான் ஒருத்திதான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்த்திசையில் இடித்துக்கொண்டு போகிறேன். "பாத்துப் போங்கமா" என்று ஒருவர் அதட்டினார். அண்ணாமலையாரே, இந்த ஒரு தடவை விட்டுவிடு, அடுத்த பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பி நின்று கும்பிடக்கூட நேரமில்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தேன்.

பூச்சாடி தரையில். துணி மடித்து நாற்காலியில். ஒரு ஸ்பீக்கர் மூலையிலிருந்து பாதி ஹாலுக்கு வந்திருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். அசைவே இல்லை.

ஓடிப்போய்க் கத்தினேன். அது என் குரலாகவே இல்லை. அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அப்போதுதான் அந்தப் பெட்டியை உதைத்தேன்.

கண் திறந்தார். "ஐயோ... என்னமா நீ? இப்படியா பயமுறுத்துவே?"

நான் பயமுறுத்தினேனாம்!

"இழுக்கறப்ப கிறுகிறுன்னு வந்துச்சு. அதான் அப்படியே சாஞ்சு உக்காந்தேன்" என்றார். எது கிறுகிறுக்க வைத்ததோ அதன் மேலேயே போய்ச் சாய்ந்திருக்கிறார். கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். இப்போது தலை சுற்றுகிறதா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. "காந்தத்தை விட்டு விலகிட்டா கருவி பழையபடி ஓடும்மா. பயப்படாதீங்க. மறுபடி சுத்தினா உடனே கிளம்பி வாங்க. இல்லன்னா நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம். ஸ்பீக்கர் ஒரு கை தூரத்துல இருக்கட்டும். கட்டிப்பிடிக்க மட்டும் வேணாம்."

பயப்படாதீங்க என்று சொன்னால் பயம் போய்விடுமா? அன்று முழுக்க அவர் மணிக்கட்டை நான் விடவில்லை. காபி குடிக்கக்கூட ஒரு கைதான் அவருக்கு.

மறுநாள் பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக, உதைத்த பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு கோலமாவை எடுத்து, இரண்டு பெட்டியைச் சுற்றியும் ஒரு கை தூரத்தில் கோடு போட்டேன். அவர் கோட்டுக்கு வெளியே சோபாவில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வயரை நான்தான் மாட்டினேன். சிவப்பில் சிவப்பு. வெள்ளையில் வெள்ளை. கரண்ட் என்றாலே எனக்கு நடுக்கம். ஸ்விட்சைப் போட்டதும் 'டுர்ர்ர்' என்று ஓர் உறுமல்... நான் கோட்டுக்கு வெளியே வந்து விழாத குறை. "பின்னை நல்லா அழுத்து" என்றார். அழுத்தினேன். உறுமல் நின்று, எங்கோ ஒரு ஊரில் மழை பெய்யும் என்று ஒரு பெண் ஹாலே நிறையும்படி சொன்னாள்.

அவர் முகத்தில் இரண்டு மாதமாகப் பார்க்காத சிரிப்பு.

"இதுக்காகவா உயிரைக் கொடுக்கப் பாத்தீங்க? அந்தச் சின்ன சத்தம் போதாதா?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் ரிமோட்டைக் கையில் உருட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வீடு அமைதியா இருந்தா, உள்ள இருக்கறது ஓடுதா, நின்னுடுச்சானு அதையே கேட்டுட்டு இருக்கேன்மா. பயமா இருக்கு. சத்தம் பெருசா இருந்தா அது கேக்காது இல்ல?"

இரண்டு மாதமாகப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் மயிலைப் பிடுங்கத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் 'பயமா இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

இப்போது தினமும் கோட்டைப் புதுப்பிக்கிறேன். அவர் ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுகிறார். அவர் கண்ணயர்ந்ததும் நான் குறைத்துவிடுகிறேன்.

அவர் மூச்சு எனக்குக் கேட்க வேண்டாமா?