அப்பா எனக்குப் பேன் பார்த்த நாட்கள்

தங்கை பிறப்பதற்காக அம்மா பூலாம்பாடியில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் என் தலையில் பேன் பிடித்துக்கொண்டது. யுத்தகாலம். எனக்கு எட்டு வயது. அரியலூர் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் மிஷின்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டார். "மொட்டை அடிச்சுட்டு வா" என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா மிஷினை நிறுத்தினார். "உங்கம்மா போறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, பொம்பளப் புள்ள முடியப் பாத்துக்கங்கன்னு. மொட்டையெல்லாம் வேண்டாம்."

ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து சீதாப்பழம் கொண்டுவந்து விற்கும் கிழவியிடம் யோசனை கேட்டார். சீதாப்பழக் கொட்டையைக் காயவைத்து அரைத்துப் பூசச் சொன்னாள். "கண்ணுல மட்டும் படவுடாதீங்க, கண்ணே போயிடும்" என்றும் சொன்னாள்.

அப்பா அரைத்தார், என் கண்ணில் துணி கட்டினார், விழுதைப் பூசினார். அலசும்போது மூக்கில் தண்ணீர் ஏறியது. நான் பொறுக்காமல் துணியை இழுத்துவிட்டேன். கண்ணில் மிளகாயை வைத்துத் தேய்த்தது போல இருந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றினார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்று நாள் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் அவர் மிஷினில் உட்காரவில்லை. "துணிய நான்தானப்பா இழுத்தேன்" என்றேன். "பூசினது நான்தானே" என்றார்.

அதன்பிறகு கொட்டைப் பக்கமே போகவில்லை. தினமும் சாயங்காலம் தலையில் வேப்பெண்ணெய் தடவி ஊறவிட்டு, என் மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, பேன்சீப்பால் வாரினார். ஒரே வீச்சில் ஊசியில் நூல் கோத்துவிடுகிற கண் அவருடையது. ஈர் ஒன்றுகூடத் தப்பாது. பெரிய பேன் விழுந்தால், "பெரியவர் எறங்கிட்டார்" என்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. பள்ளிக்கூடத்தில் வேப்பெண்ணெய் நாற்றமென்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். வீட்டில் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் என் தலை தெளிந்தது. டீச்சர் பார்த்துவிட்டுப் பழைய இடத்தில் உட்காரச் சொன்னார். ஆனால் அப்பா தலையைச் சொறிய ஆரம்பித்திருந்தார். அவருக்கு வாரிவிட யாருமில்லை. நான் முயன்று அவர் காதைக் கீறியதுதான் மிச்சம். ஒருநாள் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். துணி தைக்க வந்தவர்கள் கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த வாரமே அம்மா குழந்தையோடு வண்டியில் வந்து இறங்குவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வாசலில் அப்பாவின் மொட்டையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைப் பெற்ற தாத்தா அப்போது சொந்த ஊரில் உடம்பு சரியில்லாமல் இருந்தார்.

"மாமாவுக்கு என்னங்க ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பலையே" என்று அழுதபடி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா நல்லா இருக்காரு. இது பேனு" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கண் எரிந்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, என் இமையை விரித்துப் பார்த்தாள், பிறகு பின்னலைப் பிரித்து வகிடு வகிடாகத் தேடினாள். அரைமணி நேரம் தேடியிருப்பாள். ஒரு ஈர்கூடக் கிடைக்கவில்லை.

அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் மொட்டைத் தலையில் கையை வைத்து ஒருதரம் தடவினாள். நான் பார்த்து அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கூச்சத்தோடு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.